சுண்ணக்கட்டியில் இடமும் வலமும்

அக்டோபரின் மூன்றாம் சனி.
ஆற்றின் ஓரத்தில் பாலாடைத் தடிமனுக்குப் பனிக்கட்டி.
மைனஸ் நான்கு என்றது வானொலி.
சொன்னவன் சொல்லி முடித்ததும் இருமினான்.
அது போதும்.
ஷெட்டைத் திறந்து
குளிர்கால டயர் நான்கையும் உருட்டி வந்தேன்.
சிமெண்டில் கறகறவென்று ஆணிப்பற்கள்.

ஒவ்வொன்றின் மேலும் டோர்க்கெல் எழுதிய எழுத்து.
ஏப்ரலில் கழற்றியபோது, வெள்ளைச் சுண்ணக்கட்டியால்.
'வே' என்றால் எங்கள் மொழியில் இடது.
'ஹோ' என்றால் வலது.
மே மாதம் லூலியோவுக்குப் போனவன்
நல்ல ஸ்பேனரை எடுத்துக்கொண்டான்,
கையெழுத்தை விட்டுவிட்டான்.

மரலாரி ஓட்டும் ரிஸ்டினிடம் ஸ்பேனர் இரவல்.
"ஜாக்கி ஏற்றும் முன்னே நட்டைத் தளர்த்து" என்றாள்.
தெரியும் என்றேன்.
தெரிந்தவள் ஜாக்கியைத்தான் முதலில் ஏற்றினேன்.
நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றியது.
இறக்கினேன், தளர்த்தினேன், திரும்ப ஏற்றினேன்.
துருவில் ஒட்டிக்கொண்ட பின்சக்கரத்துக்கு
இரண்டு உதை.
மூன்றாவது உதை
சக்கரத்துக்கு மட்டும் இல்லை.

இனிமேல்தான் சிக்கல்.
அவன் இடது
காருக்கு எதிரே நின்று பார்க்கும் இடது.
என் இடது
ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தவளின் இடது.
ஒன்பது வருடம் இதற்காகச் சண்டை போட்டோம்,
சில சமயம் டயர் விஷயத்திலும்.
ஏப்ரலில் எழுதியது
எந்தப் பக்கம் நின்று?

ரப்பரின் விலாவில் ஓர் அம்பு உண்டு,
எந்தத் திசையில் உருள வேண்டும் என்று.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
நான்கிலும் பார்த்தேன்.
கடைசி முறை அவன்
என் இருக்கையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறான்.

ஸ்பேனரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குந்தியிருந்தேன்.
கையுறையைத் தாண்டி இரும்பு கடித்தது.
பிறகு நட்டுகளை எதிரெதிராக,
நட்சத்திரம் போடுகிற மாதிரி முடுக்கினேன்.

மற்றதெல்லாம் எளிது.
கண்ணாடி கழுவும் தொட்டியில் உறையாத நீலத் திரவம்.
கதவு ரப்பருக்கு சிலிகான்,
தடவாவிட்டால் ஜனவரியில் கைப்பிடி மட்டும் கையோடு வரும்.
பேட்டரிக்கு ஆறு வயது. மீட்டரின் முள் தயங்கியது.
எஞ்சினைச் சூடாக்கும் கம்பியை எலி கடித்திருக்கிறது.
புதுக் கம்பி, புதுப் பேட்டரி இரண்டையும்
ஒரே சம்பளத்தில் வாங்க முடியாது;
எது முதலில் என்று இன்னும் முடிவாகவில்லை.

டிக்கியில் மண்வெட்டி, இழுவைக் கயிறு,
தகர டப்பாவுக்குள் மெழுகுவத்தி, தீப்பெட்டி.
போர்வையை உதறினேன்.
இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு பிப்ரவரி இரவு,
மூஸ் மான் குறுக்கே வந்து
கார் பள்ளத்தில் இறங்கியது.
நான்கு மணி நேரம், ஒரு மெழுகுவத்தி,
ஒரே போர்வைக்குள் இரண்டு கோபம்.
இரண்டும் நல்ல கதகதப்பு.

மடிப்பிலிருந்து அவன் கம்பளிக் காலுறை விழுந்தது.
நாற்பத்து நான்காம் நம்பர்.
குப்பைத்தொட்டி வரை கொண்டுபோய்த்
திரும்பக் கொண்டுவந்து வைத்தேன்.
யாருடைய கால் என்று குளிர் கேட்பதில்லை.

கோடை டயர்களை அடுக்கும்போது சுண்ணக்கட்டியைக் காணோம்.
மஞ்சள் மார்க்கரால் 'வே' என்று எழுதினேன்.
பக்கத்தில் சின்னதாக,
'உட்கார்ந்து பார்த்தால்.'

ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியதும்
நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும், அது விதி.
செவ்வாயன்று வேலைக்குப் போகும் வழியில்
பேருந்து திரும்பும் இடத்தில் நிறுத்தி மண்டியிட்டேன்.
சேற்றுப்பனி அடித்து
அவன் எழுத்தில் பாதி போயிருந்தது.
பத்தொன்பது நட்டுகள் அசையவில்லை.
இடது முன்சக்கரத்தில் ஒன்று
கால் சுற்று கொடுத்தது.